கல்லெழுத்தும் கணிப்பொறியும்

முன்னுரை

தொகுத்தல் தமிழர்க்குப் புதிய கலை அன்று. வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு ஊரில், வெவ்வேறு புலவர் பாடிய தனிப்பாட்டுகள் ஓர் ஒழுங்கில் அடுக்கப்பட்டபோதே எட்டுத்தொகை உருவாயிற்று. இன்று கிடைக்கும் சங்கப் பாடல்கள் 2,381 என்றும், பெயர் தெரிந்த புலவர் 473 பேர் என்றும், ஆசிரியர் பெயர் காணப்பெறாத பாடல்கள் 102 என்றும் கணக்கிட்டுச் சொல்ல முடிகிறதென்றால், அதற்குக் காரணம் தொகுத்தோர் விட்டுச்சென்ற குறிப்புகளே. அகநானூற்றைத் தொகுத்த உருத்திரசன்மர் பாடல்களை எண்முறையால் திணைக்குள் அடக்கினார். ஒற்றைப்படை எண்கள் பாலை, இரண்டும் எட்டும் குறிஞ்சி, நான்கு முல்லை, ஆறு மருதம், பத்து நெய்தல். பாட்டின் எண்ணைச் சொன்னால் திணையைச் சொல்லிவிடலாம். புறநானூற்றுப் பாடல்களின் அடியில் திணை, துறை, பாடியவர், பாடப்பட்டவர் ஆகிய செய்திகள் எழுதிவைக்கப்பட்டன. பாட்டு ஒன்று, பாட்டைப் பற்றிய குறிப்பு மற்றொன்று. இவ்விரண்டையும் பிரித்து வைத்து, இரண்டையும் ஒருங்கே காத்த அறிவு நம் முன்னோருடையது.

இன்று தொல்லியல் ஆய்வில் 'பெருந்தரவுத் தொகுப்பு' என்று பேசப்படுவதும் அடிப்படையில் இதுவே. ஆயிரக்கணக்கான கல்வெட்டுகள், பானையோட்டுக் கீறல்கள், காலக்கணிப்புகள், ஊர்ப்பெயர்கள் முதலியவற்றை ஒரே ஒழுங்கில் நிரல்படுத்தி, கணிப்பொறியின் துணையால் எண்ணி, வரைபடத்தில் இட்டு, அவற்றுள் மறைந்திருக்கும் உறவுகளைக் காண்பது அம்முறை. வரலாற்றாசிரியர், மொழியியலார், புள்ளியியலார், மண்ணியலார், இயற்பியலார் எனப் பல துறையினர் ஒரே தொகுப்பைத் தத்தம் கண்ணால் நோக்குவது அதன் சிறப்பு.

இம்முறையால் விளைந்த நன்மைகளையும், நம் எல்லைநாட்டில் அதற்குள்ள தடைகளையும் காட்டுவது இக்கட்டுரையின் நோக்கம். தொகுப்பு எவ்வளவு பெரிதாயினும் அதன் நம்பகத்தன்மை ஒவ்வொரு கல்லின் முன்னும் ஒருவர் நின்று படித்த படிப்பையே சார்ந்திருக்கிறது என்பதும், தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து வழங்கும் நம் பகுதியில் அப்படிப்பைச் செய்யத் தக்கவர் நம்மிடையே இருக்கின்றனர் என்பதும் இங்கு நிறுவப்படும்.

அட்டையிலிருந்து கணிப்பொறிக்கு

கணிப்பொறி வருமுன்னரே கணக்கு வந்துவிட்டது. 1962இல் கேரளப் பல்கலைக்கழகத்தின் வழியாக வெளிவந்த, வ. அய். சுப்பிரமணியம் அவர்களின் புறநானூற்றுச் சொல்லடைவு அதற்கு நல்ல சான்று. ஒரு சொல் நூல் முழுவதும் எங்கெங்கு, எந்த வடிவில், எந்த வேற்றுமையில் வருகிறது என்பதை ஓரிடத்தில் காண வழிசெய்தது அந்நூல். உரையாசிரியர் ஒருவர் ஓரிடத்தில் சொன்ன பொருள் மற்ற இடங்களுக்கும் பொருந்துகிறதா என்று சோதிக்க அதன்பின் நினைவாற்றலை மட்டும் நம்பவேண்டிய தேவை இல்லாமற் போயிற்று.

அடுத்த பெரும் முயற்சி ஐராவதம் மகாதேவன் அவர்களுடையது. இந்திய ஆட்சிப்பணியில் இருந்த அவர் சிந்துவெளி எழுத்துகளை ஆராயப் புகுந்தபோது, பம்பாயிலிருந்த டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கணிப்பொறியைப் பயன்படுத்தினார். 1977இல் இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்ட அவருடைய சிந்து எழுத்து அடைவில் 2,906 எழுத்துப்பொருள்களும், 417 குறிகளும், அக்குறிகள் வந்த 13,372 இடங்களும் நிரல்படுத்தப்பட்டன. குடம் போன்ற வடிவுடைய ஒரு குறி மட்டும் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு இடத்தைப் பிடிக்கிறது என்பதும், அது பெரும்பாலும் தொடரின் இறுதியில் நிற்கிறது என்பதும் எண்ணியதனாலேயே தெளிவாயின. ஒரு முத்திரையைக் கையில் வைத்து எவ்வளவு நேரம் நோக்கினாலும் இவ்வுண்மை புலப்படாது. எழுத்து இன்னும் ஐயமறப் படிக்கப்படவில்லை. ஆயினும் அவ்வடைவு இன்றுவரை ஆய்வாளர்க்கு அடித்தளமாக இருந்து வருகிறது.

வரலாற்றுத் துறையில் இம்முறையின் பயனை முழுமையாகக் காட்டியவர்கள் நொபோரு கராஷிமா, எ. சுப்பராயலு, தோரு மட்சுயி ஆகிய மூவர். சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்கள் அனைத்தையும் திரட்டி, கணிப்பொறியால் அகரநிரலாக்கி, 1978இல் மதுரையில் மூன்று தொகுதிகளாக அவர்கள் வெளியிட்டனர். சோழர் ஆட்சி 849 முதல் 985 வரை, 985 முதல் 1070 வரை, 1070 முதல் 1178 வரை, 1178 முதல் 1279 வரை என நான்கு காலப்பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு பட்டமும் எக்காலப்பகுதியில், எப்பகுதியில், எத்தனை முறை வருகிறது என்று எண்ணப்பட்டது. மூவேந்தவேளான் என்னும் பட்டம் முதல் இராசராசன் காலத்தை உள்ளடக்கிய இரண்டாம் பகுதியில் மிகுந்து, பின்னர்க் குறைவதைக் கணக்குக் காட்டிற்று. அரசன் நிலவுடைமையாளரைத் தன் ஆட்சியமைப்புக்குள் இழுத்துக்கொண்ட வரலாறு அவ்வெண்களில் தெரிகிறது. மெய்க்கீர்த்திகளை மட்டும் படித்தால் அரசர்களின் வெற்றிகளே தெரியும். ஊர்க்கல்வெட்டுகளில் கையெழுத்திட்டோரின் பெயர்களை எண்ணினால், ஆட்சி எவ்வாறு நடந்தது என்பது தெரியும்.

சுப்பராயலு அவர்கள் 1973இலேயே சோழநாட்டின் அரசியல் நிலவியலை ஆராய்ந்து, கல்வெட்டுகளில் வரும் ஊர்ப்பெயர்களை இன்றைய வரைபடத்தில் இட்டு நாடுகளின் எல்லையை மீட்டவர். பின்னாளில் புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனத்தில் தென்னிந்திய வரலாற்று நிலப்பட மின்தொகுப்புக்கு வழிகாட்டியவரும் அவரே. கையால் வரைந்த படத்துக்கும் கணிப்பொறிப் படத்துக்கும் இடையே ஓர் அறிஞரின் உழைப்பு நீண்டு கிடக்கிறது.

ஒரு கல்லும் பல கற்களும்

சோழமண்டலத்தின் கோயிற் சுவர்களுக்கு நிகராக நம் பகுதியிலுள்ள பெருஞ்செல்வம் நடுகற்கள். இறந்துபட்ட வீரனுக்குக் கல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியப் புறத்திணையியல், கல்லைத் தேர்வது தொடங்கி வாழ்த்துவது ஈறாக ஆறு நிலைகளில் பகுத்துக் கூறும். இலக்கணத்தின் கற்பனையோ என்று ஒரு காலத்தில் ஐயுறப்பட்ட செய்திகளுக்குக் கல்லே சான்றாக வந்தது. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை, இரா. நாகசாமி அவர்களைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1972இல் 'செங்கம் நடுகற்கள்' என்னும் நூலையும், 1975இல் 'தருமபுரி கல்வெட்டுகள்' என்னும் நூலையும் வெளியிட்டபோது, வட்டெழுத்தில் பொறிக்கப்பட்ட ஒரு பெருந்தொகுதி தமிழுலகின் கைக்கு வந்தது.

இக்கற்களின் வாசகம் பெரும்பாலும் ஓர் அமைப்பை உடையது. அரசன் பெயர், ஆட்சியாண்டு, நாடு, அந்நாட்டை ஆண்ட குறுநிலத் தலைவன், வீரனின் பெயர், அவன் செய்த செயல், அவன் பட்ட செய்தி என வரிசையாக அமையும். கவிஞர் பார்வையில் இது ஒரு யாப்பு; ஆய்வாளர் பார்வையில் இது ஒரு பட்டியலின் தலைப்புவரிசை. கல்வெட்டியவரே நமக்குத் தரவைக் கட்டம் பிரித்துத் தந்துவிட்டார் எனலாம்.

பல கற்களை ஒருங்குவைத்து நோக்கும்போது சில செய்திகள் தெளிவாகின்றன. பல்லவர் காலக் கற்களில் தொறுக்கொள்ளலும் தொறுமீட்டலும் மிகுதியாகப் பேசப்படுகின்றன. தொறு என்பது மாட்டுமந்தை. இக்கற்கள் காவிரிக் கழிமுகத்தில் அருகியும், தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, வேலூர்ப் பகுதிகளின் மேட்டுநிலத்தில் செறிந்தும் காணப்படுகின்றன. மழையளவுப் படத்தையும் மண்வகைப் படத்தையும் இப்பரவலின்மேல் வைத்தால், நெல் விளையும் வண்டல் நிலத்துக்கும் கால்நடை மேயும் வானம்பார்த்த நிலத்துக்கும் இடையிலுள்ள வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். வெட்சியும் கரந்தையும் புலவர் மரபு மட்டும் அல்ல, ஒரு நிலத்தின் பொருளியல் என்பது அப்போது விளங்கும். வெள்ளிதோறும் குந்தாரப்பள்ளியில் கூடும் சந்தைக்கு இன்றும் சுற்றுப்புற மாநிலங்களிலிருந்து ஆடுமாடுகள் வருகின்றன. அன்றைய தொறுவுக்கும் இன்றைய சந்தைக்கும் நேர்த்தொடர்ச்சி உண்டென்று கூறச் சான்றில்லை. ஆயினும் இந்நிலம் எதை வாழவைக்கும் என்பதை இரண்டும் காட்டுகின்றன.

இலக்கியச் சொல்லும் கல்லின் சொல்லும் சந்திக்கும் இடமும் உண்டு. 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வுக்குழு கண்டறிந்த, தமிழி எழுத்துள்ள நடுகற்களுள் ஒன்றில் 'ஆகோள்' என்னும் சொல் பொறிக்கப்பட்டுள்ளது. வெட்சித் துறைகளுள் ஒன்றாகத் தொல்காப்பியம் சொல்லும் அதே சொல் அது. கிறித்துவுக்கு முற்பட்ட காலத்ததாகக் கருதப்படும் ஒரு கல்லில் அது நிற்பதைக் காணும் தமிழாசிரியர்க்கு உண்டாகும் மகிழ்ச்சியைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் பட்டியலுக்குள் எளிதில் அடங்காத கற்களும் உள்ளன. செங்கம் பகுதியிலுள்ள எடுத்தனூர்க் கல் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. வீரனோடு அவனுடைய நாயும் அதில் பொறிக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்னும் பெயருடைய அந்நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற செய்தியும் எழுதப்பட்டுள்ளது. பட்டியல் செய்வோர் இந்நாயை எந்தக் கட்டத்தில் இடுவார்? 'வீரன் பெயர்' என்னும் கட்டத்தில் இட்டால் நாய் மனிதனாகிவிடும். 'பிற செய்தி' என்னும் கட்டத்தில் தள்ளினால், தன் நாய்க்கும் பெயர்சொல்லிக் கல்லில் இடம்தந்த ஒரு சமூகத்தின் உள்ளம் தொலைந்துவிடும். கட்டங்களை வகுப்பவர் முதலில் கற்களைப் படித்தவராக இருக்கவேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

எல்லைக்கோடு கல்லில் இல்லை

இனி நம் பகுதிக்கே உரிய தடைக்கு வருவோம். இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டம் 2004 பிப்ரவரி 9ஆம் நாள் தருமபுரி மாவட்டத்திலிருந்து பிரிந்தது. தருமபுரி 1965 அக்டோபர் 2ஆம் நாள் சேலத்திலிருந்து பிரிந்தது. எனவே நம்மூர்க் கல் ஒன்று பழைய அறிக்கையில் சேலம் மாவட்டத்தின் கீழும், பின்வந்த நூலில் தருமபுரியின் கீழும், அண்மைப் பதிவில் கிருஷ்ணகிரியின் கீழும் இருக்கக்கூடும். கல் நகரவில்லை; முகவரி மூன்றாகிவிட்டது. கணிப்பொறிக்கு இதைச் சொல்லிக்கொடுக்காவிட்டால் ஒரு கல்லை மூன்று கல்லாக அது எண்ணிவிடும்.

மாநில எல்லை இதனினும் பெரிய பிளவு. லூயி ரைஸ் தொகுத்த கருநாடகக் கல்வெட்டுத் தொகுதிகளுள் பெங்களூர், கோலார் மாவட்டங்களுக்கு உரியவை 1905இல் வெளிவந்தன. அவற்றுள் நூற்றுக்கணக்கில் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. 13ஆம் நூற்றாண்டில் போசள அரசன் இராமநாதன் நம் மாவட்டத்துக் குந்தாணியிலிருந்து ஆண்டான். அவனுடைய கல்வெட்டுகள் இன்றைய எல்லைக்கு இருபுறமும் கிடக்கின்றன. ஓர் அரசனின் ஆவணங்கள் இரு மாநிலத் தொகுப்புகளில், இரு வேறு எண்முறைகளில் சிதறியுள்ளன. தமிழ்த் தொகுப்பை மட்டும் பார்ப்பவர்க்கு அவன் பாதி அரசனாகவே தெரிவான்.

மொழியால் நேரும் மறைப்பு நுட்பமானது. தமிழ் நடுகற்களில் தொறு என்று வரும் சொல் கன்னட வீரகற்களில் 'துறு' என்று வரும். மாட்டைக் கவர்வதை அவை 'துறுகோள்' எனும். நம் ஆகோளும் அவர்களின் துறுகோளும் ஒரே செயலைக் குறிப்பன. இரண்டின் பிற்பகுதியும் ஒரே வேரிலிருந்து வந்தது. ஆயினும் தமிழ்த் தொகுப்பில் 'தொறு' என்று தேடுபவர்க்குக் கன்னடத் தொகுப்பிலுள்ள 'துறு' ஒன்றுகூடக் கிட்டாது. எல்லைக்கு இப்பால் நின்று எண்ணினால் ஒரு கணக்கு, அப்பால் நின்று எண்ணினால் ஒரு கணக்கு. மந்தையைக் கவர்ந்தவனும் மீட்டவனும் அக்கோட்டை அறிந்திருக்கவில்லை. சிற்ப அமைப்பிலும் இவ்வாறே. கீழே போர், நடுவே வீரனை விண்ணுக்கு அழைத்துச்செல்லும் மகளிர், மேலே வீரசுவர்க்கம் என அடுக்கடுக்காகச் செதுக்குவது கன்னட நாட்டு மரபு. வீரனைத் தனியே நிறுத்திக் காட்டுவது பழந்தமிழ்க் கற்களில் மிகுதி. எல்லைப்பகுதியில் இரண்டும் அருகருகே காணப்படும். இதைத் 'தமிழ்க் கல்', 'கன்னடக் கல்' என்று இரண்டாக மட்டும் வகுப்பது போதாது.

ஊர்ப்பெயர்களும் இவ்வாறே. நம் வட்டாரத்தில் பள்ளி என்று முடியும் ஊர்களும், தருமபுரிப் பக்கம் அள்ளி என்று முடியும் ஊர்களும் ஏராளம். பழங்கன்னடத்துப் பகரம் 10ஆம் நூற்றாண்டை ஒட்டி ஹகரமாகத் திரியத் தொடங்கியது. பள்ளி ஹள்ளியாயிற்று, ஹள்ளி தமிழர் நாவில் அள்ளியாயிற்று. ஆகவே ஓர் ஊர்ப்பெயரின் ஈற்றிலேயே குடியேற்றங்களின் படிவு ஒன்று உறைந்திருக்கிறது. மாவட்டத்தின் எல்லா ஊர்ப்பெயர்களையும், அழிந்த ஊர்களின் பெயர்களையும் சேர்த்து வரைபடத்தில் இட்டால் மொழிகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்த வரலாறு துலங்கும். ஆனால் அதற்குப் பெயர் சரியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். குந்தாரப்பள்ளியையே ஆங்கில எழுத்தில் பல வகையாக எழுதுகின்றனர். முதலெழுத்து வேறுபட்டால் போதும், கணிப்பொறிக்கு அது வேறோர் ஊர். தமிழெழுத்தில் உள்ள பெயரை முதன்மையாகக் கொண்டு பிற வடிவங்களை அதன்கீழ் அடுக்குவதே தக்க வழி.

பல துறைகள் கூடும் களம்

கல்வெட்டு எழுதப்படாத காலத்துக்குச் செல்ல வேண்டுமாயின் பிற அறிவியல் துறைகளின் துணை இன்றியமையாதது. பர்கூர் வட்டத்தில் தொகரப்பள்ளிக்கு அருகிலுள்ள மயிலாடும்பாறை இதற்கு நம் மாவட்டத்தின் சிறந்த சான்று. அங்கு நடந்த அகழாய்வில் கிடைத்த கரிமப் பொருளை முடுக்கி நிறமாலை முறையில் ஆய்ந்ததில், இரும்புப் பயன்பாடு கி.மு. 2172 வரை பழமையுடையது எனத் தெரியவந்ததாக 2022 மே மாதத்தில் சட்டப்பேரவையில் அறிவிக்கப்பட்டது. 2025 சனவரியில் கா. இராஜன், இரா. சிவானந்தம் ஆகியோர் எழுதிய 'இரும்பின் தொன்மை' அறிக்கை வெளியானபோது, தூத்துக்குடி மாவட்டச் சிவகளையில் கி.மு. 3345 வரை செல்லும் கணிப்பும் அதில் இடம்பெற்றது.

இச்செய்திகளைப் பெருமிதத்தோடு வரவேற்பது இயல்பு. அப்பெருமிதம் நிலைக்க வேண்டுமாயின் கேட்கவேண்டிய கேள்விகளையும் நாமே கேட்கவேண்டும். ஆய்வகம் அளப்பது கரித்துண்டின் வயதை. அத்துண்டு கிடைத்த மண்ணடுக்கும், அவ்வடுக்கில் கிடைத்த இரும்பும் அதே வயதினவா என்பதை நிறுவ வேண்டியவர் அகழ்ந்தவர். நெடுநாள் நின்ற மரத்தின் உள்வயிரம் எரிந்த கரியாயின், அது எரிந்த நாளினும் பழமையான வயதைக் காட்டக்கூடும். ஒரு கணிப்பு ஒரு சாட்சி மட்டுமே. பல இடங்களிலிருந்து, பல ஆய்வகங்களில், பல வகைப் பொருள்களில் பெற்ற கணிப்புகள் ஒருமுகமாகச் சொல்லும்போது அச்சான்று மறுக்கவொண்ணாததாகும். பெருந்தொகுப்பின் தேவை இங்கேதான் மிகுதியாக உணரப்படுகிறது.

உலகளவில் இத்தகைய தொகுப்பு 2022இல் வெளிவந்தது. 1,80,000க்கும் மேற்பட்ட கதிரியக்கக் கரிமக் கணிப்புகள் அதில் திரட்டப்பட்டுள்ளன. மக்கட்பெருக்கம், வறட்சி, வேளாண்மைப் பரவல் ஆகியவற்றை ஆராய்வோர் இத்தகைய திரட்டுகளைப் பயன்படுத்துகின்றனர். ஆனால் அதில் வட அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் உரிய கணிப்புகளே மிகப்பெரும்பாலானவை. பிற நாடுகளில் பழங்காலத்தில் மக்கள் குறைவாக இருந்தனர் என்பது அதற்குப் பொருளாகாது. ஆய்வுக்கூடமும் பணமும் எங்கு மிகுதி என்பதையே அது காட்டுகிறது.

பானையோட்டுக் கீறல்களிலும் இதே முயற்சி நடைபெற்றுள்ளது. தமிழ்நாட்டில் 140 இடங்களில் கிடைத்த, கீறல்களுடைய 14,000க்கும் மேற்பட்ட ஓடுகளை ஆவணப்படுத்தி, 42 அடிப்படைக் குறிகள், 544 திரிபுகள், 1,521 கூட்டுவடிவங்கள் என வகுத்து இராஜனும் சிவானந்தமும் செய்த ஆய்வு 2025இல் வெளிவந்தது. இக்குறிகளுள் ஏறத்தாழ 60 விழுக்காட்டுக்குச் சிந்துவெளிக் குறிகளில் இணை காணப்படுவதாக அவ்வாய்வு கூறுகிறது. வடிவ ஒப்புமை வேறு, பொருள் ஒப்புமை வேறு. வட்டமும் கோடும் எங்கும் வரையப்படுவன. ஆகவே எந்தக் குறி எந்த மண்ணடுக்கில், எந்தக் குறியோடு சேர்ந்து வருகிறது என்னும் அடுத்த நிலைக் கணக்கே இதில் முடிவைத் தரவல்லது. சிந்து எழுத்து மொழிக்குரிய ஒழுங்கைக் காட்டுகிறது என்று 2009இல் ராஜேஷ் ராவ், மகாதேவன் உள்ளிட்டோர் கணிப்பொறியின் துணையால் எழுதிய கட்டுரைக்கு, அவ்வொழுங்கு மொழியல்லாத குறித்தொகுதிகளிலும் வரக்கூடும் என மறுப்பும் எழுந்தது. ஒரே தரவிலிருந்து இரு முடிவுகள் பிறக்கக்கூடும். தரவு வெளிப்படையாக எல்லோர் கையிலும் இருந்தால் வழக்கைத் தொடர்ந்து நடத்தலாம்; அது பூட்டிய பெட்டியில் இருந்தால் நம்பிக்கை மட்டுமே எஞ்சும்.

கணக்குப் பொய்க்கும் இடங்கள்

வரைபடத்தில் வெற்றிடமாகத் தெரியும் பகுதி, மக்கள் வாழாத பகுதியாக இருக்கவேண்டும் என்பதில்லை. ஆய்வாளர் நடவாத பகுதியாகவும் இருக்கலாம். ஆய்வாளர் வருமுன் அழிந்த பகுதியாகவும் இருக்கலாம். கருங்கல் வெட்டும் தொழில் பரவிய மாவட்டம் இது. ஓசூரைச் சுற்றி 1970கள் முதல் தொழிற்பேட்டைகள் வளர்ந்தன, நெடுஞ்சாலை அகன்றது, ஏரிக்கரையும் மேய்ச்சல் நிலமும் மனைகளாயின. வேலையும் வருவாயும் வந்ததை நாம் குறைகூற இயலாது. ஆயினும் சமன்செய்யப்பட்ட நிலத்தில் ஒரு நடுகல் இருந்து, அதை எவரும் பதிந்திராவிட்டால், நாளைய தொகுப்பில் அது அழிந்த கல்லாகக்கூட இராது. இல்லாத கல்லாகவே இருக்கும். நூறாண்டுகளுக்கு முன் ரைஸ் பதிந்த கற்களுள் சில இன்று இருந்த இடத்தில் இல்லை. அவர் பதிந்ததனால்தான் அவை இல்லை என்பதாவது நமக்குத் தெரிகிறது.

மற்றொரு குறை படிப்பில் நிகழ்வது. பழங்கல்வெட்டுகளில் புள்ளி பெரும்பாலும் இராது. எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாடும் காட்டப்படாது. 'கொ' என்று எழுதியதைக் கொ என்றும் கோ என்றும் படிக்கலாம். பதிப்பாசிரியர் ஐயமுள்ள எழுத்தைப் பகர அடைப்புக்குள் இடுவார். சிதைந்த எழுத்துக்குப் புள்ளியிட்டுக் காட்டுவார். அந்நூலைக் கணிப்பொறியில் ஏற்றுபவர் இவ்வடையாளங்களைத் தேவையற்றவை என்று நீக்கிவிட்டால், ஐயம் உறுதியாகிவிடும், ஊகம் சான்றாகிவிடும். பின்னர் அதை ஆயிரம் பேர் எடுத்தாள்வர். உ. வே. சாமிநாதையர் தம் பதிப்புகளில் பாடபேதங்களை அடிக்குறிப்பில் காட்டியதன் அருமையை அறிந்த நம்மனோர்க்கு, ஐயத்தையும் சேர்த்துக் காப்பதே பதிப்பறம் என்பதை விளக்க வேண்டியதில்லை. இன்று எழுத்தைத் தானே படிக்கும் செயற்கை நுண்ணறிவு முறைகள் உருவாகி வருகின்றன. அவை கற்பதும் நாம் தரும் படிப்பிலிருந்தே. பிழையான படிப்பைக் கற்ற பொறி, பிழையை விரைவாகச் செய்யும்.

நாம் செய்யத்தக்கன

இங்கிலாந்தில் 1997 முதல் நடைபெறும் ஒரு திட்டத்தின்கீழ், பொதுமக்கள் நிலத்தில் கண்டெடுத்த பழம்பொருள்கள் 15 லட்சத்துக்கும் மேலாகப் பதிவாகியுள்ளன. பெங்களூருவில் மிதிக் சங்கம் 2021 முதல் அப்பகுதிக் கல்வெட்டுகளை முப்பரிமாண முறையில் பதிந்து வருகிறது. கண்ணுக்குத் தெரியாத தேய்ந்த எழுத்துகளும் அம்முறையில் துலங்குகின்றன. மைசூரிலிருந்த தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளைச் சென்னைக்கு மாற்றுமாறு 2021இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை ஆணையிட்டது. பெருநிறுவனங்கள் செய்யவேண்டியவை இவை. எனினும் ஊரறிந்தோர் மட்டுமே செய்யக்கூடிய பணி ஒன்று எஞ்சியுள்ளது.

நம் பகுதியில் நடுகற்கள் பல வேடியப்பன் என்னும் பெயரில் வழிபடப்படுகின்றன. புதிய கற்கால வழவழப்பான கற்கோடரிகளும் மரத்தடிக் கோயில்களில் தெய்வமாக வீற்றிருப்பதுண்டு. இவை எங்கு உள்ளன, யார் பூசை செய்கின்றனர், எப்பெயரால் அழைக்கின்றனர் என்பதை அவ்வூர்ப் பெரியவர் சொல்லவேண்டும். அதைக் கேட்க அவர் மொழி தெரிந்த ஒருவர் செல்லவேண்டும். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசித் தமிழில் கவிதை எழுதுவோர் நம்மிடையே பலர். தொறுவையும் துறுவையும் ஒருசேர அறிந்த செவி எல்லைநாட்டவரின் செவி.

ஒரு கல்லுக்கு ஒரு தாள் போதும். ஊர்மக்கள் சொல்லும் வடிவிலேயே ஊர்ப்பெயர், கல் நிற்கும் இடமும் அது நோக்கும் திசையும், கல்லின் உயரமும் அகலமும், சிற்பத்தின் விவரம், எழுத்திருந்தால் தெரிந்தவை, ஐயமுள்ளவை, தெரியாதவை எனப் பிரித்த படிப்பு, வழிபாட்டுப் பெயர், பார்த்த நாள், பார்த்தவர் பெயர் ஆகியன அதில் இருக்கவேண்டும். கைப்பேசியில் இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையைக் குறித்துக்கொள்ளலாம். காலை மாலைச் சாய்வெயிலில் எடுத்த நிழற்படத்தில் எழுத்து நன்கு தெரியும். கல்லில் சாயமோ எண்ணெயோ புதிதாகப் பூசுதலும், இருந்த இடத்திலிருந்து பெயர்த்தலும் கூடா. இடத்தை இழந்த கல் பாதிச் செய்தியை இழந்துவிடுகிறது. இத்தாள்களின் படிகளைக் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்கும் தொல்லியல் துறைக்கும் அனுப்பி, மூலத்தை நம் வட்டத்திலேயே காக்கலாம்.

பத்தாண்டுகள் நிறைவுறும் இவ்வேளையில் நம் இலக்கிய வட்டம் எத்தனையோ கவியரங்குகளையும் நூல் திறனாய்வுகளையும் கண்டுவிட்டது. அடுத்த பத்தாண்டின் பணிகளுள் இதுவும் ஒன்றாக அமையுமாயின், எல்லைநாட்டுக் கற்கள் பற்றிய ஒரு தொகை நம் கையால் உருவாகும். அகநானூற்றைத் தொகுத்தவர் அதில் ஒரு பாட்டையும் தாம் சேர்த்துப் பாடிவிடவில்லை. இருந்தவற்றை இழக்காமல் ஒழுங்குபடுத்தினார். அவ்வொழுங்கு இன்றும் நமக்கு வழிகாட்டுகிறது. பேர் தெரியாத வீரர்களுக்கும், கோவிவனைப் போன்ற பேர் தெரிந்த நாய்களுக்கும் நாம் செய்யத்தக்க கைம்மாறு, அவர்களைக் கணக்கில் விடுபடாமல் எழுதிவைப்பதே.